கீழே விழுந்த களிமண்

திருப்பதியில் சந்திரகிரி போகிற ரோட்டில் எனக்கு ஒரு சீட் கவர் கடை இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் உட்காருவதற்கு மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக் கடை ஹரிபிரசாத்துடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் அங்கே போர்டு மாட்டியபோது, 'கார் ஸ்பா' என்று படித்துவிட்டு நான் சத்தமாகவே சிரித்தேன். எங்கள் ஊரில் மனிதனுக்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் எண்ணெய்க் குளியல். காருக்கு மட்டும் எதற்கு இந்தச் சொகுசு என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தெலுங்கில் ஏதோ கிண்டல் சொல்லிவிட்டு எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்தக் கடையில் வேலை பார்த்தவன்தான் ரங்கையா. அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவன் பெயரை யாரும் எங்கேயும் எழுதப் போவதில்லை. நானாவது எழுதி வைக்கிறேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கடைசி வரைக்கும் படித்தால் தெரியும்.

நாராயணவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனிக்காரன். நாற்பத்திநாலு வயது. ஒல்லியான ஆள், காது மட்டும் பெரிசு. முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கார் கழுவத்தான் வந்தான். ஆறே மாதத்தில் ஹரிபிரசாத் அவனைக் களிமண் வேலைக்கு மாற்றினான். நம் ஊர்க் களிமண் இல்லை, காருக்கென்றே விற்கிற பிசின் மாதிரியான கட்டி. கடையில் எல்லாரும் அதைக் 'கிளே' என்பார்கள். ரங்கையா மட்டும் 'மண்ணு' என்பான்.

எனக்கும் முதலில் விளங்கவில்லை. கழுவின காரை எதற்கு மறுபடி மண்ணால் தேய்க்க வேண்டும்? ஒரு நாள் அவன் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை என் கையில் மாட்டி, பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக் காரின் மேல் தடவச் சொன்னான். நறநறவென்று இருந்தது. வெறும் கையால் தடவினால் அவ்வளவாகத் தெரியாத சொரசொரப்பு, பை மாட்டினால் நூறு மடங்காகத் தெரிகிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத துகள்கள் பெயிண்டில் குத்திக்கொண்டு நிற்குமாம். ரேணிகுண்டா ரயில்வே பக்கம் நிற்கிற காரில் தண்டவாளத்து இரும்புத் தூசு. மலை ஏறி இறங்குகிற காரில் பிரேக் கருகின தூள். சித்தூர் பக்கத்திலிருந்து வருகிற காரில் மாமரத்துப் பால். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, மண்ணைத் தட்டையாக்கி, நேர்கோட்டில் லேசாக ஓட்டினால் அது ஒவ்வொன்றையும் பிடுங்கிக்கொள்ளும். மண் அழுக்கானால் மடித்துப் புதுப்பக்கம் எடுக்க வேண்டும். தரையில் விழுந்துவிட்டால் மட்டும் மறுபேச்சு கிடையாது, நேரே குப்பைத்தொட்டி. ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் பெயிண்டு முழுக்கக் கோடு விழுந்துவிடும்.

ரங்கையா கண்ணை மூடிக்கொண்டு காரைத் தடவி, அது எந்தப் பக்கத்துக் கார் என்று சொல்லுவான். பத்தில் எட்டு சரியாக இருக்கும். தப்பான இரண்டுக்கும் காரின் சொந்தக்காரன் பொய் சொல்கிறான் என்பான்.

அவனுக்கு அந்த வேலை ஏன் அவ்வளவு பிடித்தது என்று அவனாகவே ஒரு முறை சொன்னான். மதிய நேரம், என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். என்னிடம் இரண்டு கண்ணாடி கிளாஸ்கள் உண்டு, ஒன்று எனக்கு, ஒன்று அவனுக்கு.

"எங்க நைனாவுக்கு கூலி குடுக்கும்போது கையில வெக்க மாட்டாங்கண்ணா. மேல இருந்து போடுவாங்க. நைனா ரெண்டு கையையும் ஏந்திக்கினு நிப்பாரு. நான் பாத்துக்கினு நின்னிருக்கேன். இங்க பாருங்க, முப்பது லட்சம் ரூபா வண்டி. சாவிய என் கையில வெச்சி, நல்லா தடவிப் பாருப்பான்னு சொல்லிட்டுப் போறாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே இருந்து போட்டவர்கள் பக்கத்து ஆள்தான் நானும். புத்தூர் பக்கம் எங்களுக்கும் நிலம் இருந்தது, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போட்டார்கள். அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

போன வருஷம் சித்திரையில் ஒரு நாள் டீயை ஊற்றிக் கொடுத்தேன். கொதிக்கிற டீ. நான் துணியால் சுற்றிப் பிடித்திருந்தேன். அவன் வெறும் கையால் கிளாஸைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கரண்டு பில்லைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். மறுநாள் விரல் நுனிகளில் கொப்புளம். "எதுல சுட்டுக்கினே?" என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

ஒரு வாரம் அவனோடு சண்டை போட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகக் குத்தினார். மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. அவன், "குத்துங்க சார், நான் ரெடி" என்றான். டாக்டர் என்னைப் பார்த்தார். சுகர். பல வருஷமாக இருந்திருக்கிறது, இவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. நரம்பு போய்விட்டது. "போனது திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கறதக் காப்பாத்திக்கலாம்" என்றார். வேறு வியாதி ஏதும் இல்லை என்பதையும் சோதித்துப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது ரங்கையா என் சட்டைக் கையைப் பிடித்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா. ஓனருக்குக்கூட."

"சுகர்தானடா. ஊர்ல பாதிப் பேருக்குக் கீது."

"சுகர்னு சொல்லலாம். மரத்துப் போச்சின்னு சொல்ல முடியாதுண்ணா. எங்க பெரியப்பாவுக்கு விரல் மரத்துதான் ஆரம்பிச்சிச்சி. பெருவியாதி. ஏரிக்கு அந்தாண்ட குடிசை போட்டு வெச்சிட்டாங்க. கல்லு மேல சோறு வெச்சிட்டு வருவோம். மரத்துப் போச்சின்னு ஒரு வார்த்தை போதும். எங்க ஊருல அதுக்கு வேற அர்த்தம் கெடையாது."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அதன் பிறகு அவன் காதால் வேலை செய்தான். நம்பித்தான் ஆக வேண்டும், நான் பார்த்தேன். அழுக்கான பெயிண்டில் மண் ஓடும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும். சுத்தமாகச் சுத்தமாகச் சத்தம் குறையும். முழுக்கச் சுத்தமானால் சத்தமே இருக்காது. விரலால் தெரிந்துகொண்டதை அவன் அந்தப் பெரிய காதுகளால் தெரிந்துகொண்டான். காரின் மேல் கன்னம் படுகிற மாதிரி குனிந்திருப்பான். ஹரிபிரசாத், "ஏம் ரங்கையா, காரோட ரகசியம் பேசறியா?" என்று கேலி செய்வான். அவன் குனிந்ததைப் பார்த்தால் நான் என் தையல் மிஷினை நிறுத்திவிடுவேன். என் வேலை பாதியில் நிற்கும். நிற்கட்டும் என்று விட்டேன். அந்த ஒன்பது மாதமும் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

இந்த வருஷம் தை மாதம், ஒரு புதன்கிழமை. கறுப்பு நிறத்தில் ஒரு பெரிய புதுக் கார் வந்து நின்றது. பெங்களூரில் வேலை பார்க்கிற சுனில் என்கிற பையன் ஓட்டி வந்தான். கூட அவன் அப்பா நாராயணசாமி, எழுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி. மறுநாள் காலை அலிபிரியில் வாகன பூஜை, அதற்கு முன்னால் காருக்கு மண் ஓட்டிக் கோட்டிங் போட வேண்டும். புதுக் காருக்கு எதற்கு இதெல்லாம் என்று பெரியவர் கேட்டார். ரயிலில் ஏற்றி வருகிற கார், யார்டில் கிடந்த கார், இரும்புத் தூசு இருக்கும் என்று ஹரிபிரசாத் விளக்கினான்.

பெரியவர் ரங்கையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எட்டியப்பன் மவன் இல்ல?" என்றார்.

ரங்கையா நிமிர்ந்தான். அவன் அப்பா முப்பது வருஷம் நாற்று நட்டதும் களை எடுத்ததும் இந்த நாராயணசாமியின் நிலத்தில்தான். இரண்டு கையையும் ஏந்தி நின்றதும் இவர் வீட்டு வாசலில்தான்.

"ஆமா சார்" என்றான்.

சார் என்றதைப் பெரியவரும் கவனித்தார், நானும் கவனித்தேன். அவன் அப்பாவாக இருந்தால் 'ஆண்டே' என்றிருப்பார்.

அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். ரங்கையா பானெட்டின் வலது பாதியை முடித்தான். காதை வைத்து, மெதுவாக, வழக்கமாக எடுக்கிற நேரத்தைவிட இரண்டு பங்கு எடுத்துக்கொண்டு செய்தான். முடித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனான்.

"கையக் குடுங்க சார்."

அவர் தயங்கினார். மகன் பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினார். ரங்கையா பையை மாட்டி, அவர் மணிக்கட்டைப் பிடித்து, முதலில் இடது பாதியில் வைத்தான். "பாருங்க, மணலு மாதிரி கீதா?" பிறகு வலது பாதியில் வைத்தான். பெரியவர் இரண்டு மூன்று தரம் தடவினார்.

"அடேங்கப்பா, கண்ணாடி மாதிரி கீதுடா!" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார்.

ரங்கையா அந்த மணிக்கட்டை உடனே விடவில்லை. ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதனின் தோல் சூடாக இருந்ததா சில்லென்று இருந்ததா என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் பிடித்துவிட்டான்.

அதோடு அந்த நாள் முடிந்திருக்கலாம்.

எங்கள் பக்கம் எந்தக் காரும் நாமம் போடாமல் கடையை விட்டுப் போகாது. வேலை முடிந்த காருக்கு ஹரிபிரசாத்தே தன் கையால் போடுவான். ஒரு ஸ்டீல் தட்டில் தண்ணீர் விட்டு, நாமக்கட்டியை உரசி, வெள்ளையாகக் குழைத்து முன் கண்ணாடியில் இழுப்பான். அன்றைக்கு வேறொரு காருக்கு நாமம் போட்டுக்கொண்டிருந்தவனுக்குப் போன் வந்தது. தட்டை ரங்கையாவின் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு வெளியே போனான். ரங்கையா மண்ணை வைக்கிற தட்டும் அதே மாதிரி ஸ்டீல் தட்டு. அதில் சோப்புத் தண்ணீர் வெள்ளையாக நிற்கும். இதில் நாமத் தண்ணீர் வெள்ளையாக நின்றது. காருக்குத் தண்ணீர் தெளிக்கத் திரும்பிய ரங்கையா, பார்க்காமல் மண்ணை இந்தத் தட்டில் வைத்து எடுத்தான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாமக்கட்டி தரையில் தோண்டுகிற பொருள். உரசினால் அடியில் பொடி மணல் தங்கும்.

விரல் இருந்த காலத்தில் தொட்ட உடனே தெரிந்திருக்கும். ஒரு மணல் போதும், கையை உதறிவிட்டு மண்ணைக் குப்பையில் போட்டிருப்பான். சரி, காதாவது கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சுனில் காருக்குள் ஏறிப் பாட்டைப் போட்டான். புது ஸ்பீக்கர், எவ்வளவு சத்தம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. ரங்கையா தலையைத் தூக்கிச் சுனிலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கொஞ்சம் நிறுத்துங்க சார் என்று சொல்ல ஒரு வாய் போதும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்லுவான்? நானாவது கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அவன் குனிந்து, எத்தனை தரம் ஓட்டினோம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு, இடது பாதியையும் கதவையும் ஓட்டி முடித்தான்.

காரை வெயிலுக்குத் தள்ளியதும் தெரிந்தது. கறுப்புப் பெயிண்டில் ஏர் ஓட்டின மாதிரி நேர் நேராகக் கோடுகள்.

"அய்யய்யோ, ஏமிடிதி!" என்று ஹரிபிரசாத் தலையில் கை வைத்தான். சுனில் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஹரிபிரசாத் கெஞ்சினான். மேலோட்டமான கீறல்தான், பாலிஷ் போட்டால் தடயமே இல்லாமல் எடுத்துவிடலாம், இரண்டு நாள் போதும் என்றான். அது உண்மையும்கூட. சுனில் கொஞ்சம் இறங்கி வந்தான். பூஜையை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னான்.

பெரியவர்தான் விடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"கைய நம்பிக் குடுத்தது நம்ம தப்பு. எட்டியப்பன் நட்ட நாத்தும் இப்பிடித்தான், பாதி மெதக்கும். எடுத்துக் குடுத்தாலும் ஒழுங்கா செய்யத் தெரியாத கை. பரம்பரைக் கை."

எட்டியப்பன் நட்ட நாற்று மிதந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வாயில் வந்ததைப் பேசினார். ரங்கையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்படியே நின்றிருந்தால் இரண்டு வசவோடு போயிருக்கும். ஹரிபிரசாத்தும் அவனை விட்டிருக்க மாட்டான். கவனக் குறைவு என்று பெயர் வரும், பத்து நாளில் மறந்துபோகும். ஆனால் அப்பாவைச் சொல்லிவிட்டார்.

"எங்க நைனா கையச் சொல்லாதீங்க ஆண்டே" என்றான். வார்த்தை தானாக வந்துவிட்டது. "அவரு கை நல்ல கை. எனக்குத்தான் விரல்ல உணர்ச்சி இல்ல. மரத்துப் போச்சி. அதான் மணலு தெரியல."

பாட்டு நின்றிருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

பெரியவர் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். அங்கே கார் கழுவுகிற ஷாம்பு கேன் இருந்தது. அதைக் கையில் ஊற்றி, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். இரண்டாம் தரமும் ஊற்றிக் கழுவினார். "சுகர்ங்க! சுகர்தான், வேற ஒண்ணும் இல்ல, டாக்டர் சீட்டு கீது!" என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர, என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ரங்கையா அவர் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கீறல்களை வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிட்டார்கள். பூஜை நடந்தது, கார் மலை ஏறி இறங்கிப் பெங்களூர் போய்விட்டது.

செய்தி அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டது, எல்லாரிடமும்தான் போன் இருக்கிறதே. மறுநாள் நூறு நாள் வேலைக்குப் போன அவன் மனைவி பாப்பாத்தியை, மற்றப் பெண்கள் தண்ணீர்க் குடத்தைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாளாம். இங்கிலீஷில் எழுதியதை யார் படிப்பது? படித்தவர்களும் எட்ட நின்று படித்தார்களாம்.

ஹரிபிரசாத் கெட்டவன் இல்லை. சீட்டை வாங்கிப் படித்தான், நம்பினான். ஆனால் களிமண்ணுக்கு வேறு ஆளைப் போட்டான். அதில் நியாயம் இருக்கிறது, விரல் இல்லாமல் அந்த வேலை ஆகாது. ரங்கையாவைக் கால்மிதி கழுவப் போட்டான். மிதி கழுவுகிறவன் யார் என்று இரண்டு பேர் கேட்டார்கள். உடனே கடைக்குப் பின்னால் போட்டான். மிஞ்சிப் போனால் பத்து நாள் இருக்கும். அதற்குப் பிறகு, "உடம்பு நல்லா பார்த்துக்கோ ரங்கையா, சரியானதும் வா" என்றான். எது சரியாவது? டாக்டர்தான் வராது என்று சொல்லிவிட்டாரே.

கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு ரங்கையா என் கடைக்கு வந்தான். சட்டை மாற்றியிருந்தான், கையில் ஒரு பை. மருந்தை விடாதே என்று நான் புத்தி சொன்னேன். தலையாட்டினான். டீ இருக்கிறது, குடித்துவிட்டுப் போ என்றேன். ஃபிளாஸ்கைத் திறந்தேன். அலமாரியில் இரண்டு கண்ணாடி கிளாஸும் கழுவிக் கவிழ்த்திருந்தன. என் கை ஒன்றை எடுத்து என் டீயை ஊற்றியது. அவனுக்கு ஊற்றும்போது, கஸ்டமர்களுக்காக வாங்கி வைத்திருந்த பேப்பர் கப் கட்டிலிருந்து ஒன்றை உருவியது.

"சூடு தெரியாதே உனக்கு, கிளாஸ்னா சுட்டுக்குவே" என்றேன். பேப்பர் கப் கண்ணாடியைவிட மெல்லிசு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவன் கப்பைப் பார்த்தான். கவிழ்ந்திருந்த கிளாஸைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. வாங்கி, நிதானமாகக் குடித்து முடித்தான். எழுந்து, பக்கத்துக் கடை வாசலுக்குப் போய், விழுந்த மண்ணைப் போடுகிற தொட்டியில் கப்பைப் போட்டுவிட்டு வந்து பையை எடுத்தான்.

"கீழ விழுந்துட்டா எடுக்கக் கூடாதுண்ணா" என்றான். "அல்லாருக்கும் நான்தான சொல்லிக் குடுத்தேன்."

புத்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு தரம் போன் செய்தேன், பாப்பாத்தி எடுத்தாள். ஏரிக்கு அந்தாண்டை யாரோ ஒருவரின் மாந்தோப்புக்குக் காவல் இருக்கிறானாம், அங்கேயே தங்கிக்கொள்கிறானாம், அவள்தான் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறாளாம். யார் போகச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, அவராகவேதான் போனார் என்றாள்.

ஊர்க்காரர்களுக்குத் தெரியாது, நாராயணசாமிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டாக்டர் அவன் விரலைக் குத்திச் சுகர் என்று சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான்.